அத்தை பால் தராத திருவிழா

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு அபிஷேகப் பால் அத்தை வீட்டிலிருந்துதான் போகும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. கோயில் தகரக் கொட்டகையாக இருந்த நாளில் அத்தையின் மாமனாரிடம் யாரோ கேட்டார்கள், அவர் கொடுத்தார். அதன் பிறகு கேட்பதும் நின்றுபோய், பால் மட்டும் வருடந்தோறும் போய்க்கொண்டிருந்தது. மாமா இறந்த பிறகும் அது நிற்கவில்லை.

பால் கொடுக்கும் வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி, பால்குட ஊர்வலத்தில் எல்லோருக்கும் முன்னால் முதல் செம்பைத் தூக்கி நடப்பாள். அத்தை மகள் ஐந்து வருடம் தூக்கினாள். அவள் விடுதியில் தங்கிப் படிக்கக் கிள்ளானுக்குப் போன பிறகு, தம்பி மகள் என்ற உரிமையில் என் முறை வந்தது. எனக்கு ஒன்பது வயது. மஞ்சள் பாவாடை தைத்தாயிற்று. தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்து வீட்டுக்குள் நடந்து பழகி, இரண்டு முறை கவிழ்த்து, அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கியதும் ஆயிற்று. அந்த வருடம் பார்த்துத்தான் அத்தை பால் தர மாட்டேன் என்றாள்.

காரணம் முந்திய வருடத் திருவிழா. அப்பா அப்போது கோயில் செயலாளர். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் ஒரு வித்தையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நீள மேசையின்மேல் மெல்லிய பிளாஸ்டிக்கை உருட்டி விரித்து, அதன்மேல் இலை போடுவது. ஒரு பந்தி எழுந்ததும் இரண்டு முனையிலும் இரண்டு பேர் நின்று சுருட்டினால், இலை, மிச்சச் சோறு, தண்ணீர் போத்தல், பாயசக் கோப்பை எல்லாம் ஒரே மூட்டையாகிவிடும். மேசை பளிச்சென்று இருக்கும். அப்பாவை எல்லோரும் பாராட்டினார்கள். மூட்டைகளை டிராக்டரில் ஏற்றிக் கடைசி லயத்துக்குப் பின்னால் இருந்த பழைய பள்ளத்தில் கொட்டினார்கள். கடைசி லயத்தின் கடைசி வீடு அத்தையுடையது.

அவளுடைய பசு செவலை அந்தப் பக்கம்தான் மேயும். திருவிழா முடிந்த ஆறாம் நாள் வயிறு ஊதிப் படுத்தது. எட்டாம் நாள் எழவில்லை. புதைப்பதற்கு முன் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றாள். திறந்தவர் அப்பாதான். உள்ளே மேசை விரிப்பு பிளாஸ்டிக் வடம் போல முறுக்கிக் கிடந்தது; அதற்குள் ரோஜா நிறச் சிராப் ஊற்றிக் கொடுத்த பைகள், வாய் கட்டிய ரஃபியா கயிற்றோடு. அத்தை அழவில்லை. எல்லாவற்றையும் வாளியில் போட்டுக் கழுவி, வேலியில் காயப் போட்டாள். நாங்கள் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அது அங்கேயே தொங்கியது. அப்பா அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போவதை நிறுத்திக்கொண்டார்.

மிச்சமிருந்த ஒரே கறவை செவலையின் மகள் கறுப்பி.

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு நிர்வாகக் கூட்டம் நடந்தது. முடிந்ததும் பிஸ்கட் கொடுப்பார்கள் என்பதால் நானும் இருந்தேன். தலைவர் எங்கள் தோட்டத்தில் பிறந்து, குத்தகை எடுத்து முன்னேறி, பத்தாங் பெர்ஜுந்தாயில் வீடு கட்டியவர். கோயிலுக்கு நிறையச் செய்திருக்கிறார். செய்ததெல்லாம் அவர் பெயரோடு கல்லில் இருக்கிறது. அத்தை நிர்வாகத்தில் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நின்றபடியே பேசினாள். மேசைக்குப் பிளாஸ்டிக் விரிக்கக் கூடாது. இலையும் சோறும் ஒரு குப்பைத் தோங்கில், போத்தலும் டின்னும் இன்னொரு தோங்கில், மற்றதெல்லாம் மூன்றாவதில் போக வேண்டும். பள்ளத்தில் எதையும் கொட்டக் கூடாது. சம்மதம் என்றால் பால் வரும்; இல்லையென்றால் வராது.

“சாமிக்கே கண்டிஷன் போடுறியாம்மா?” என்றார் தலைவர்.

“சாமிக்கு இல்ல தலைவரே, ஒங்களுக்கு.”

யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள். ஆயிரம் பேர் வருகிற இடத்தில் குப்பையைப் பிரிக்க யாரால் முடியும் என்று பொருளாளர் கேட்டார். அவர் ஆளறிந்து கேட்கவில்லை. அத்தை தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலை விழும்போது சிதறுகிற பழங்களைப் புல்லுக்குள் தேடிப் பொறுக்கிச் சாக்கில் சேர்க்க வேண்டும். சாக்கில் கல்லோ மண்ணோ இருந்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவள் முன்னாலேயே கவிழ்த்துக் கொட்டிவிடுவார்.

“நாளு பூரா குனிஞ்சி, ஒரு கல்லு இல்லாம பொறுக்கி அனுப்புறோம். மில்லு மிசினுக்குக் கல்லு ஆவாது, எம் மாட்டுக்குப் பிளாஸ்டிக் ஆவுமா? சோத்த வேற போத்தல வேற வைக்கத் தெரியாதவங்களா இங்க வர்ற ஆயிரம் பேரும்?”

“ஒன் பால் இல்லன்னா என்னா லா,” என்றார் தலைவர், எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி. “கடையில பெட்டிப் பால் அடுக்கி வச்சிருக்கான்.”

அத்தை தன் தம்பியை, என் அப்பாவைப் பார்த்தாள். அவர் குறிப்பேட்டைப் பார்த்தார். அவர் எழுதியதைத் தோளுக்கு மேலால் எட்டிப் படித்தேன்: பால் தொடர்பாகக் கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது.

பிஸ்கட்டை வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். அன்றிலிருந்து அத்தையோடு பேசவில்லை. என் மௌனம் அவளைக் குலைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். நான் பேசாததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

திருவிழா அன்று காலையில் சாமான் அறையைத் திறந்தபோது மேசைப் பிளாஸ்டிக் சுருளைக் காணவில்லை. அத்தைதான் தூக்கிப் போய்விட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அறைச் சாவி அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை; நானும் யோசிக்கவில்லை. பட்டணத்துக்கு ஆளனுப்ப நேரமில்லாமல் வெறும் மேசையிலேயே இலை போட்டார்கள்.

பால் வந்தது, தலைவர் காரில், அட்டைப் பெட்டிகளில். பெட்டியில் கறுப்பும் வெள்ளையுமான மாடு ஒன்று பச்சைப் புல்லில் நின்று சிரித்தது. பூசாரியின் மகன் கத்தரிக்கோலால் ஒவ்வொரு பெட்டியாக மூக்கை வெட்டிக் குடங்களில் ஊற்றினான். முதல் செம்பைத் தலைவரின் பேத்தி தூக்கினாள். அவளுக்கு மஞ்சள் பாவாடைகூட இல்லை. ரோஜா நிற கவுன். இருபதடி நடந்ததும் கை வலிக்கிறது என்று செம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். வெட்டிய பெட்டிகள் கோயிலின் பின்சுவரோரம் குவிந்து கிடந்தன, ஒவ்வொன்றிலும் மாடு சிரித்துக்கொண்டே.

நான் கறுப்பியின் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். புதுப் பாவாடையில் சாணம் பட்டதும் அழுகை கூடியது. அத்தை வந்து சற்று நேரம் நின்று பார்த்தாள்.

“அழுது முடிச்சிட்டியா?”

நான் பாவாடையில் பட்ட சாணத்தை வைக்கோலால் தேய்த்தேன்.

“முடிச்சிட்டா வா. முடிக்கலன்னா அழுதுகிட்டே வா. எனக்கு ஆளு வேணும்.”

அவள் செய்து வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரே இடத்தில்தான் கை கழுவும் குழாய்கள். கொட்டகைக்கும் குழாய்க்கும் நடுவில் செம்பனை மட்டைகளை நட்டுக் கயிறு கட்டி, ஒரே ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டிருந்தாள். வழியில் மூன்று தோங். கையில் சாம்பார் காய்ந்துகொண்டிருக்கிற மனிதன் குழாய்க்குப் போயே தீர வேண்டும். அத்தை கோயிலை மறிக்கவில்லை, சாமியை மறிக்கவில்லை. தண்ணீரை மறித்திருந்தாள்.

நடுத் தோங்குக்கு மேலே, ஒரு வருடம் வேலியில் கிடந்த அந்தப் பிளாஸ்டிக் முறுக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். என்ன இது என்று கேட்டவர்களிடம் ஒரே பதில்தான்: “போன வருச அன்னதானம்.”

முதல் பந்தி எழுந்ததும் சத்தம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வந்தவர் இலையை எடுக்கக் கூடாது. மடித்துவிட்டு எழுந்து போவதுதான் மரியாதை. வெறுங்கையோடு வந்தவர்களை அத்தை திருப்பி அனுப்பினாள். போய் இலையை எடுத்து வா, கோப்பையையும் எடுத்து வா. பூச்சோங்கிலிருந்து வந்திருந்த, கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிய ஒருவர் கோபமாகிவிட்டார்.

“எச்சி எலைய விருந்தாளி எடுக்கிறதா? எந்த ஊரு வழக்கம்மா இது?”

“எல எடுக்கிறவங்களுக்குத்தான் பெரிய புண்ணியம்னு வருசா வருசம் மைக்குல சொல்றாங்களே அண்ணே. எல்லாத்தையும் நானே வச்சிக்கிட்டா நல்லாவா இருக்கு? நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கங்க.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் இலையை எடுக்கப் போனார்.

என் இடம் மூன்றாவது தோங். முதல் இரண்டில் போக வேண்டியது எதுவும் அதற்குள் விழாமல் பார்ப்பது வேலை. பேத்தியின் ரோஜா நிற கவுன்மீது எனக்கிருந்த கோபம் முழுவதையும் அந்தத் தோங்கின் வாயில் கொண்டுவந்து வைத்தேன். என்னைப் போலக் கண்டிப்பான அதிகாரி சிலாங்கூரிலேயே இருந்திருக்க மாட்டார். அப்பளத்தோடு வெள்ளை நுரைப் பெட்டியைப் போட வந்த மண்டோரை நிறுத்தினேன். என் வகுப்பாசிரியையிடம் போத்தல் மூடியைக் காட்டித் திரும்பக் கொடுத்தேன். “பாப்பா, குப்பை அள்ளுற மஜ்லிஸ்ல வேலை கெடச்சிருச்சா?” என்று ஒருவர் கேட்டார். “சம்பளம் எவ்ளோ லா?” என்றார் இன்னொருவர். சிரிப்பவர்கள் பெரும்பாலும் சரியாகப் போட்டார்கள். சிரிக்காதவர்களைத்தான் கவனிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது பந்தியில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். நாங்கள் சொல்வதற்கு முன்பே, வரிசையில் முன்னால் நின்றவர்கள் பின்னால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். “போய்ட்டு வாங்க, விடமாட்டாங்க, நாங்க பட்டாச்சு.”

பிறகு, அந்த வருடம் நிர்வாகம் அழைத்திருந்த அரசியல்வாதி சாப்பிட்டு எழுந்தார். சிறப்பு விருந்தினர்; பத்துப் பேர் சூழ வந்தார். முன்னால் ஓடி வந்தவர் அப்பா. அவர் மட்டை வேலியின் ஓரத்துக் கயிற்றை அவிழ்த்து, நேராகக் குழாய்க்குப் போக ஒரு வழி திறக்கப் பார்த்தார். நான் அந்த மட்டையைக் கட்டிக்கொண்டேன். மட்டையின் ஓரத்து முள் கையில் குத்தியது. விடவில்லை.

“தள்ளும்மா,” என்றார் அப்பா, உதட்டை அசைக்காமல்.

“அப்பா, வழி அங்க இருக்கு.”

விருந்தினர் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். விரலில் பருப்பு ஒட்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், தொங்கிய முறுக்கைப் பார்த்தார், கைப்பேசிகள் தூக்கப்படுவதையும் பார்த்தார். அனுபவசாலி. திரும்பிப் போய்த் தன் இலையைத் தானே எடுத்து வந்து, முதல் தோங்கில் இலை, இரண்டாவதில் போத்தல், மூன்றாவதில் கைத்துடைப்பான் என்று, ஒவ்வொன்றுக்கும் படம் எடுக்க நேரம் கொடுத்துப் போட்டார். பிறகு ஒலிபெருக்கியில் ஆலய நிர்வாகத்தின் முன்மாதிரித் திட்டம் பற்றிப் பேசினார். இது நீண்ட நாள் ஆலோசித்துச் செய்தது என்று தலைவர் நன்றியுரையில் சொன்னார். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நான்கு மணிக்கு லோரி வந்தது. ஓட்டி வந்தவர் ஓர் இந்தோனேசியர். கூட இரண்டு பையன்கள். தலைவர் கையைக் காட்டினார். அவர்கள் முதல் தோங்கைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். அதன் மேல் இரண்டாவது. அதன் மேல் மூன்றாவது. இலை, போத்தல், பெட்டி, கோப்பை, சோறு. ஐந்து மணி நேரம் பிரித்தது ஒரு நிமிடத்தில் ஒன்றாகியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

“படமெல்லாம் எடுத்தாச்சில்ல, போதும் லா,” என்றார் தலைவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று உண்மையாகவே நம்பினார். பிறகு ஓட்டுநருக்குப் பள்ளம் இருந்த திசையைக் காட்டினார்.

அத்தை ஓடவில்லை. நடந்து போய், சேலையைத் தூக்கிச் செருகி, பின்சக்கரத்தில் ஒரு கால் வைத்து லோரியில் ஏறினாள். குவியலின் நடுவில் கணுக்கால் புதைய நின்று, குனிந்து, ஒரு போத்தலை எடுத்துக் கீழே தரையில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கும் அதே குனிவு.

“மாச்சி, துருன் லா மாச்சி,” என்று ஓட்டுநர் இறங்கச் சொல்லிக் கெஞ்சினார்.

“தா மாவ்,” என்றாள் அத்தை. மாட்டேன் என்பதுதான் அவள் மலாயில் மிகச் சுத்தமாகச் சொல்லத் தெரிந்த சொல். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, பீடி ஒன்றைப் பற்றவைத்து, மரத்தடிக்குப் போனார்.

கூட்டம் கூடியது. பூச்சோங்காரர்கள் கைப்பேசியை மறுபடியும் எடுத்தார்கள். அப்பா வெள்ளை வேட்டியில் லோரிக்குக் கீழே வந்து நின்றார்.

“அக்கா, எறங்குக்கா. எல்லாரும் பாக்குறாங்க. மானம் போவுது.”

“மேல வாடா,” என்றாள் அத்தை நிமிராமலே. “ரெண்டு பேருமா தேடிப் பாப்போம். இதுக்குள்ளதான் எங்கயாவது கெடக்கும்.”

சிலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அவரும் ஏறினார். அக்காவை இழுத்து இறக்கப் போகிறார் என்று பயந்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். போத்தல் விழும் சத்தம் நிற்காமல் வந்தது. கொஞ்சம் வேகமாகவும் வந்தது. கண்ணைத் திறந்தபோது இருவரும் முதுகுக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தார்கள். தலைவர் அப்பாவின் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் அப்பா கேட்காதவர் போல ஓர் இலையை உதறினார்.

கீழே மூன்று குவியல் மறுபடி எழுந்தது. இலையை மண்வெட்டியால் குழி வெட்டி அங்கேயே புதைத்தார்கள். போத்தல்களைப் பழைய சாமான் எடுப்பவருக்காகச் சாக்கில் கட்டினார்கள். மிச்சத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு அத்தையே ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டணத்தில் இருக்கிற பெரிய இரும்புத் தொட்டிவரைக்கும் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். பள்ளத்துக்கு எதுவும் போகவில்லை.

அதன் பிறகும் எந்தத் திருவிழாக் குப்பையும் அங்கே போகவில்லை. அடுத்த வருடம் நிர்வாகமே மூன்று தோங் வாங்கி வைத்தது. அதில் தலைவர் பெயர் எழுதியிருந்தது. மேசைப் பிளாஸ்டிக் திரும்பி வரவில்லை. அப்பா செயலாளராக இல்லை. ஏன் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அத்தை வீட்டுப் பால் திரும்பக் கோயிலுக்குப் போகவில்லை. பெட்டிப் பால்தான், இன்றுவரை. முதல் செம்பை நான் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. எங்கள் வீடு அந்தத் திருவிழாவில் தோற்றுப்போனது என்று பல வருடம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை பட்டணத்திலிருந்து திரும்பியதும், குளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அவளோடு உள்ளே போனேன். சமையலறை மூலையில் பலகைமேல் ஒரு செம்பு இருந்தது. விளிம்புவரைக்கும் பால். காலையில் கறந்தது, அதற்குள் திரிந்துபோய் மேலே மஞ்சளாக ஏடு பிரிந்திருந்தது. ஒரு மாதமாக அவளோடு பேசாதவள், அதைப் பார்த்ததும் கோபத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

“ஏன் அத்தை பால வீணாக்குன?”

“வீணாக்கல குட்டி. தயிருக்கு வச்சேன்.”

நான் அதை நம்பினேன். தயிருக்கு வைத்த செம்பின் கழுத்தில் எதற்கு மஞ்சள் கயிறும் வேப்பிலைக் கொத்தும் கட்டியிருக்கிறது, சம்மதம் என்று சொல்ல யார் வருவார்கள் என்று அவள் விடியற்காலையில் அதைக் கட்டி வைத்துக் காத்திருந்தாள் என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பசிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.